மே மாதம் கிரீட் தீவில்: வெப்பநிலையை விடுங்கள், காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள்

கேள்வி இதுதான். ஒரு குடும்பம் மே மாதம் முழுவதும் கிரேக்கத்தின் கிரீட் தீவில், ஹெராக்லியோன் நகரத்தில் வீடு எடுத்துத் தங்கப் போகிறது. கூடவே ஆஸ்துமா உள்ள அப்பாவும் எட்டு வயதுப் பையனும். எங்கே தேடினாலும் "சராசரி 24 டிகிரி, மழை கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்களாம். அதை நம்பி அரைக்கைச் சட்டைகளோடு கிளம்பிவிடலாமா, கடலில் இறங்க முடியுமா, மலைப்பக்கம் போகலாமா என்று கேட்டிருக்கிறார்கள். ஹெராக்லியோனில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் என்கிற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த 24 பொய் இல்லை. ஹெராக்லியோனில் மே மாதப் பகல் உச்சம் சராசரியாக 23, 24தான். விடியற்காலையில் 15ஐ ஒட்டி இறங்கும். மழை மாதம் முழுவதற்கும் சேர்த்து 15 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும், நம் ஊரில் ஒரு நல்ல மழை அரை மணி நேரத்தில் கொட்டுகிற அளவு. ஆனால் 20 டிகிரியில் எல்லாரும் ஜெர்கினை இழுத்து மூடிக்கொண்டு நடக்கிற நாளையும், 33 டிகிரியில் வானம் பழுப்பேறி மூச்சு முட்டுகிற நாளையும் சேர்த்து வகுத்தால் கிடைக்கிற எண் அது. இந்த இரண்டு நாளும் ஒரே வாரத்தில் வரலாம். எது வரும் என்பதைக் காற்றின் திசைதான் தீர்மானிக்கிறது, அதனால் அங்கே இருக்கிற வரைக்கும் வெப்பநிலையைப் பிறகு பாருங்கள், காற்று எங்கிருந்து அடிக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

தீவின் வடிவம் தெரிந்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும். கிழக்கு மேற்காக சுமார் 260 கிலோமீட்டர் நீளம். வடக்கு தெற்காக அகலமான இடத்தில் 60, இயராபெட்ரா பக்கம் குறுகும்போது வெறும் 12 கிலோமீட்டர். இந்த ஒல்லியான நிலத்தின் நடுவே மூன்று பெரிய மலைத்தொகுதிகள்: மேற்கே லெஃப்கா ஓரி என்கிற வெள்ளை மலைகள், நடுவில் சிலோரிதிஸ், கிழக்கே திக்தி. முதல் இரண்டின் உச்சியும் 2450 மீட்டரைத் தாண்டும், ஊட்டியை விட இருநூறு மீட்டராவது உயரம், அதுவும் கடற்கரையிலிருந்து நேராக எழும்பி நிற்கிறது. வடக்கே ஏஜியன் பக்கத்துக் கடல், தெற்கே லிபியக் கடல், அதற்கும் தெற்கே முந்நூறு கிலோமீட்டரில் ஆப்பிரிக்கா. காற்று வடக்கிலிருந்து வந்தாலும் தெற்கிலிருந்து வந்தாலும் இந்த மலைச்சுவரில் மோதித்தான் ஆக வேண்டும். மோதுகிற பக்கம் ஒரு வானிலை, மறுபக்கம் வேறு வானிலை. இரண்டுக்கும் நடுவே காரில் ஒன்றரை மணி நேரம்தான்.

சரி, மே மாதத்துக்கு அப்படி என்ன தனிக்குணம்? குளிர்காலத்தில் இந்தத் தீவை ஆள்வது மேற்கிலிருந்து வரும் தாழ்வழுத்தங்கள். மழையில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் அவை கொண்டுவந்து கொட்டுவதுதான். கோடையை ஆள்வது மெல்தேமி என்கிற வறண்ட வடகாற்று, நாள் கணக்கில் நிற்காமல் வீசும். பால்கன் பக்கம் உயரழுத்தமும் துருக்கிக்கு மேல் தாழ்வழுத்தமும் உட்கார்ந்துகொள்ள, நடுவே ஏஜியன் கடல் வழியாகக் காற்று தெற்கே பாய்கிறது. துருக்கி மேல் இருக்கிற அந்தத் தாழ்வழுத்தம் தனியாக நிற்பதில்லை. ஈரான், பாகிஸ்தான் வழியாக நம் தென்மேற்குப் பருவமழையின் தாழ்வழுத்தப் பகுதியோடு தொடர்ச்சியாக இருக்கிறது. பருவமழை இங்கே வலுக்கும்போது மேலெழும் காற்றின் விளைவாகத்தான் கிழக்கு மத்தியதரைக் கடலின் மேல் காற்று கீழிறங்கி மேகமே உருவாகாமல் போகிறது என்று 1996இல் ராட்வெல், ஹாஸ்கின்ஸ் என்ற இரண்டு வானிலை ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிரீட்டின் ஜூலை மாத வானம் துடைத்துவிட்டாற்போல் இருப்பதற்கும் கேரளத்தில் மழை கொட்டுவதற்கும் அப்படி ஒரு உறவு உண்டு. மே மாதத்தில் கேரளத்துக்கே மழை வந்திருக்காது, ஜூன் 1ஐ ஒட்டித்தான் வரும். ஆகவே மெல்தேமி இன்னும் பொறுப்பேற்கவில்லை, குளிர்காலத் தாழ்வழுத்தங்களோ பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. தீவுக்கு முதலாளி இல்லாத மாதம் இது. பெரும்பாலான நாட்கள் அமைதியாக, அருமையாக இருப்பதும் அதனால்தான், திடீரென்று யாராவது புகுந்து நாலு நாள் ஆட்டம் போடுவதும் அதனால்தான்.

மாதம் நகர்கிற விதத்தைச் சுருக்கமாகச் சொன்னால்: முதல் வாரம் இன்னும் ஏப்ரலின் மிச்சம். பகலில் 21, 22, மேகம் வந்து வந்து போகும், மாலையில் காற்று இருந்தால் குளிரும். நடுப்பகுதி மாறி மாறி. கடைசி வாரத்தில் 26 வரை சாதாரணமாகப் போகும், இரவும் 17க்குக் கீழே அதிகம் இறங்காது, வானம் நிலைத்துவிடும். முதல் வாரமும் கடைசி வாரமும் வேறு வேறு பருவம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இந்த எண்களெல்லாம் கடலோர ஹெராக்லியோனுக்கு. மே மாதத்தில் நிலம் வேகமாகச் சூடாகிவிடும், கடல் ஆகாது. அந்த வித்தியாசத்தால் காலை பதினொரு மணி வாக்கில் கடற்காற்று கிளம்பி மாலை வரை நகரத்தைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். பதினைந்து கிலோமீட்டர் உள்ளே அர்ஹானேஸ் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போனால் அதே மதியம் நாலைந்து டிகிரி கூடுதலாகத் தெரியும்.

இனி தென்காற்று. உங்கள் வீட்டில் ஆஸ்துமா இருப்பதால் இதில்தான் கவனம் வேண்டும். தெற்கிலிருந்து வருகிறது என்றதும் தென்றலை நினைத்துவிட வேண்டாம். அங்கே நோதியாஸ் என்பார்கள். வசந்த காலத்தில் மொராக்கோ, அல்ஜீரியாவின் அட்லஸ் மலைகளுக்குத் தெற்கே தாழ்வழுத்தங்கள் உருவாகி, ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியே கிழக்கே நகரும். அவற்றுக்கு முன்னால் சஹாராவின் காற்று தூசியையும் தூக்கிக்கொண்டு வடக்கே பாயும். மார்ச்சிலிருந்து மே வரை இதற்கு உச்ச காலம். 2018 மார்ச் 22 அன்று கிரீட்டில் வானம் ஆரஞ்சு நிறமாகி நடுப்பகலிலேயே மங்கிப்போனது. 2024 ஏப்ரல் 23 அன்று ஏதென்ஸுக்கே அந்த நிலை வந்து படங்கள் உலகமெல்லாம் சுற்றின. அந்த அளவு மோசமானது அபூர்வம். ஆனால் கார் மேல் விரலால் பெயர் எழுதும்படி பழுப்புத் தூசி படிவது, வானம் நீலம் போய் வெளுத்துக் கிடப்பது, நாலு துளி தூறினால் அதுவும் சேறாக விழுவது, இதெல்லாம் மே மாதத்தில் எதிர்பார்க்க வேண்டியவை. ஒன்றிரண்டு நாளில் காற்று வடமேற்குக்குத் திரும்பியதும் எல்லாம் கழுவிவிட்டாற்போல் தெளிந்துவிடும்.

ஹெராக்லியோன் வடகரையில்தானே இருக்கிறது, தெற்கிலிருந்து வருகிற சூட்டை மலை தடுக்காதா என்று தோன்றும். தடுக்காது, கூட்டிவிடும். தென்சரிவில் ஏறும்போது காற்று தன் ஈரத்தை மேகமாகவும் சிறு மழையாகவும் விட்டுவிடுகிறது. வறண்ட காற்றாக வடசரிவில் இறங்கும்போது ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் 10 டிகிரி சூடேறுகிறது. தெற்கே இயராபெட்ராவில் கடல்மேல் வந்த காற்றில் 25 டிகிரி இருக்கும்போது, வடக்கே ஹெராக்லியோனிலும் ரெதிம்னோவிலும் ஹானியாவிலும் 32, 33 என்று ஏறும். ராத்திரி பத்து மணிக்கும் இறங்காது. மலையைத் தாண்டி வருகிற காற்று சீராகவும் இருக்காது, குத்துக் குத்தாக அடிக்கும். ஹெராக்லியோன் விமான நிலையத்தின் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடப்பதால் பலமான தென்காற்றில் விமானங்கள் தாமதமாவதும், வேறு ஊருக்குத் திருப்பி விடப்படுவதும் உண்டு. ஊர் திரும்பும் நாளில் ஏதென்ஸிலிருந்து இணைப்பு விமானம் இருந்தால் நடுவே ஒரு மணி நேரம் மட்டும் விட்டுப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

அப்பாவுக்குச் செய்ய வேண்டியது சிக்கல் ஒன்றுமில்லை. தூசி முன்னறிவிப்பு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே தெரிந்துவிடும். அன்றைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருப்பது, வெளியே போனால் சாதாரணத் துணி மாஸ்க் அல்லாமல் நுண்துகளைத் தடுக்கும் மாஸ்க் போடுவது, இன்ஹேலரைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்திருப்பது. மருத்துவரிடம் கிளம்புமுன் ஒருமுறை சொல்லிவிடுங்கள். இதில் இன்னொன்றும் உண்டு. மே மாதம் ஆலிவ் மரங்கள் பூக்கிற மாதம், தீவில் எங்கே பார்த்தாலும் ஆலிவ்தான், மகரந்தம் காற்றில் நிறைய இருக்கும். மகரந்த ஒவ்வாமை இருக்கிறவர்களுக்குத் தூசியே இல்லாத தெளிந்த நாளில்கூடத் தும்மல் வரும். பூக்கிற நேரத்தில் சூடான தென்காற்று நாலு நாள் தொடர்ந்து அடித்தால் பூ கருகிக் காய்ப்பிடிப்பு குறைந்துவிடும் என்பதால், நீங்கள் கடற்கரைக்காக வானத்தைப் பார்க்கிற அதே நாளில் ஊர்க்காரர் ஆலிவுக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எப்போதாவது இந்தத் தென்காற்றுச் சூடு வாரக் கணக்கில் நீண்டு வெயில் அலையாகவே மாறும். 2020 மே நடுவில் கிழக்கு மத்தியதரைப் பகுதி முழுக்க அப்படித்தான் ஆனது, கிரேக்கத்தின் சில இடங்களில் 40 டிகிரியைத் தொட்டது. அது வழக்கம் இல்லை. ஆனாலும் வாடகை வீட்டில் ஏசி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மே மாத வெயில் என்றால் கிரீட்காரர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1941 மே 20 அன்று ஜெர்மானியப் பாராசூட் படை ஹானியாவுக்குப் பக்கத்தில் மாலெமே விமானத்தளத்தைச் சுற்றி இறங்கியது. குளிர்நாட்டுக்குத் தைத்த கனமான சீருடையில் வந்தவர்கள், தண்ணீருக்குத் தவித்தார்கள். கிரேக்க நிலப்பகுதியில் அவர்களுடைய விமானங்கள் கிளம்பிய மண் ஓடுதளங்களில் ஒவ்வொரு விமானமும் கிளப்பிவிட்ட புழுதி அடங்க நேரம் பிடித்ததால், அன்று மதியம் ரெதிம்னோ, ஹெராக்லியோன் மீது இறங்க வேண்டிய அலை தாமதமாகி, சிதறிச் சிதறி வந்தது. மாதக் கடைசியில் தோற்றுப் பின்வாங்கிய பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூஸிலாந்து வீரர்கள் அதே வெயிலில் வெள்ளை மலைகளைத் தாண்டி தெற்கே ஸ்ஃபாக்கியா துறைமுகத்துக்கு நடந்தார்கள். வருடா வருடம் அந்த வாரத்தில் ஹானியா பக்கம் நினைவு நிகழ்ச்சிகள் நடக்கும், அறை கிடைப்பது சிரமம். அந்தப் பக்கம் தங்குவதாக இருந்தால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடமேற்குக் காற்று இதற்கு நேர் எதிர். தாழ்வழுத்தம் கடந்து போனதும் வரும், வானம் கண்ணாடி போலத் தெளியும், வெப்பம் ஒரே இரவில் பத்து டிகிரிகூட இறங்கும். அங்கே யாரும் காற்றைக் கிலோமீட்டரில் பேசுவதில்லை, "இன்றைக்கு எத்தனை போஃபோர்" என்றுதான் கேட்பார்கள், காற்றின் பலத்தை 0 முதல் 12 வரை எண்ணில் சொல்கிற பியூஃபோர்ட் அளவுகோலைத்தான் சொல்கிறார்கள். 4 வரை பிரச்சினை இல்லை. 6 ஆனால் ஹெராக்லியோனுக்கு மேற்கே அம்முதாரா கடற்கரையில் அலை எழும்பி, கரையிலிருந்து உள்ளே இழுக்கிற நீரோட்டமும் வரும், சிவப்புக் கொடி பறக்கும், பையனை முழங்கால் தண்ணீரில்கூட விடாதீர்கள். 8ஐத் தொட்டால் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து வரும் கப்பல்களையே நிறுத்திவிடலாம், மே மாதத்தில் அது அரிது.

வடக்கே கொந்தளிப்பு என்றால் தெற்கே ஓடிவிடலாம் என்று பயணிகளுக்கு எல்லாரும் சொல்லிக்கொடுப்பார்கள். அது பாதி உண்மைதான். மாதலாவிலும் லெண்டாஸிலும் பல நாள் அது பலிக்கும். ஆனால் வடகாற்று மலையைத் தாண்டும்போது பள்ளத்தாக்குகளின் இடுக்கு வழியாக நெருக்கியடித்துக்கொண்டு இறங்கும், அந்த வாயில் இருக்கிற ஊருக்கு வடகரையை விட மோசமான அடி விழும். கொட்சிஃபூ பள்ளத்தாக்குக்குக் கீழே இருக்கிற பிளாக்கியாஸ் இதற்குப் பேர்போனது: கடல் தட்டையாக இருக்கும், ஆனால் மணல் பறந்து வந்து காலில் ஊசியாய்க் குத்தும். ஹெராக்லியோனிலிருந்து பக்கத்திலேயே தீர்வு வேண்டுமானால் அயியா பெலயியா குடாவைப் பாருங்கள், வடகரையில்தான் இருக்கிறது, ஆனால் மேற்குப் பக்கம் நிலம் நீட்டிக்கொண்டு நின்று வடமேற்குக் காற்றை மறைத்துவிடும். தென்மேற்கு மூலையில் பலேயோஹோரா என்ற ஊர் இன்னும் வசதி. சின்ன நாக்கு போல கடலுக்குள் நீண்ட நிலத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது, மேற்கே மணல் கரை, கிழக்கே கூழாங்கல் கரை. ஒரு பக்கம் காற்றடித்தால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்து மறுபக்கம் போய்விடலாம்.

தென்காற்று நாளிலோ தலைகீழ். வடகரைக் கடல் அலையே இல்லாமல் படுத்துக் கிடக்கும், சூடும் இருக்கும், குளிக்க அதைவிட நல்ல நாள் மே மாதத்தில் கிடையாது, தூசியைப் பொறுத்துக்கொண்டால்.

கடலைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன்: குளிரும். ஆழமான கடல், மெதுவாகத்தான் சூடாகும். ஆகஸ்டில் 25, 26 வரும், மே ஆரம்பத்தில் 18, 19தான், கடைசியில் 21ஐ எட்டும். வங்காள விரிகுடாவில் மே மாதம் 29, 30 டிகிரித் தண்ணீரில் கால் வைத்துப் பழகியவர்களுக்கு முதல் இறக்கத்தில் மூச்சு நின்று போகும். வடக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் மே 1ஆம் தேதியே நீந்திக்கொண்டிருப்பார்கள், உள்ளூர்க்காரர்கள் கரையில் ஸ்வெட்டரோடு காபி குடித்துக்கொண்டு அதை வேடிக்கை பார்ப்பார்கள். நீங்கள் உள்ளூர்க்காரர்கள் கட்சியில் சேர்ந்துகொள்ளுங்கள், மூன்றாவது வாரம் வரைக்குமாவது. பையனுக்கு மேற்குக் கோடியில் எலஃபோனிஸி, பாலோஸ் இரண்டும் பிடிக்கும். ஆழமில்லாத நீர் என்பதால் வெயிலில் சீக்கிரம் சூடாகிவிடும், முழங்கால் அளவில் வெகுதூரம் நடக்கலாம். ஹெராக்லியோனிலிருந்து நல்ல தூரம். மேற்குக் காற்று இருந்தால் போகாதீர்கள், வீண் அலைச்சல். ரெதிம்னோவின் நீண்ட மணல் கரையில் மாதக் கடைசியிலிருந்து கடலாமைகள் முட்டையிட வரும், கூடுகளைச் சுற்றிக் கம்பிக் கூண்டு வைத்திருந்தால் அந்தப் பக்கம் குடை நட்டுவிட வேண்டாம்.

மழை விஷயம். கிரேக்கத்தில் ஒரு பழமொழி உண்டு, சபிக்கப்பட்ட ஊரில்தான் மே மாதம் மழை பெய்யும் என்று. முற்றிய பார்லியும் கோதுமையும் வயலில் நிற்கும், ஆலிவ் பூத்திருக்கும், அப்போது மழை பெய்தால் கெடுதல்தான். அங்கே விவசாயிக்கு வேண்டியது மார்ச், ஏப்ரல் மழை. ஆனாலும் சில வருடம் மேலடுக்கில் குளிர்ந்த காற்றுக் குமிழ் ஒன்று பிரிந்து வந்து தீவின்மேல் இரண்டு மூன்று நாள் நின்றுவிடும். அப்போது காலையில் பளிச்சென்று இருக்கும், மதியம் ஒரு மணிக்கு மேல் மலைகளின் மேல் மேகம் கோபுரமாய் எழும்பி, மூன்று மணிக்கு இடி, மழை, லஸ்ஸித்தி பீடபூமிப் பக்கம் ஆலங்கட்டியும் விழும். கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு ஒரு துளி படாது. ஆகவே முன்னறிவிப்பில் "இடியுடன் மழை" என்று போட்டிருந்தால் பயணத்தைக் கைவிட வேண்டாம். மலைக்குப் போவதானால் விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள், அல்லது அன்று கடற்கரையோடு நின்றுகொள்ளுங்கள். வறண்ட ஓடைப் படுகைகளில் மட்டும் காரை நிறுத்தாதீர்கள், மேலே பெய்தது கீழே எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

மலையில் மே மாதம் இன்னும் பனி இருக்கும். கடற்கரையில் ஐஸ்க்ரீம் சாப்பிட்டுக்கொண்டே தலையைத் தூக்கினால் சிலோரிதிஸ் உச்சியில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். 2000 மீட்டருக்கு மேலே நிழலான மடிப்புகளில் மாதக் கடைசி வரை கிடக்கும், அது உருகுகிற ஓரத்தில்தான் கிரீட்டுக்கே உரிய சில சின்னஞ்சிறு பூக்கள் வரும். ஆடு மேய்ப்பவர்கள் மந்தையை உயர்மேய்ச்சலுக்கு ஏற்றுவதும் ஆட்டு ரோமம் கத்தரிப்பதும் இந்தச் சமயத்தில்தான். மலைக் கிராமத்தில் யாராவது கத்தரிப்புக்குக் கூப்பிட்டால் போய்விடுங்கள், ஆட்டுக்கறி விருந்து நிச்சயம்.

சமாரியா பள்ளத்தாக்கு பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் அங்கே போனதும் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். மே 1ஐ ஒட்டித் திறப்பார்கள், மழை பெய்து ஆற்றில் தண்ணீர் மிகுந்தாலோ கல் உருளும் ஆபத்து இருந்தாலோ தள்ளிப்போகும், திறந்த பிறகும் வானிலை மோசமானால் அன்றைக்கு மூடிவிடுவார்கள். 1230 மீட்டர் உயரத்தில் தொடங்கி 16 கிலோமீட்டர் கல்லிலும் சரளையிலும் நடந்து கடல் மட்டத்தில் அயியா ரூமெலியில் முடியும். காலை ஏழு மணிக்கு மேலே பத்து டிகிரிக்கும் கீழே இருக்கலாம், மதியம் கீழே வந்து சேரும்போது முப்பதை நெருங்கியிருக்கும். அயியா ரூமெலிக்குக் கார்ச் சாலையே இல்லை, படகில்தான் வெளியேற வேண்டும், காற்று கூடினால் படகும் நிற்கும். எட்டு வயதுக்கும் ஆஸ்துமாவுக்கும் இது சரிப்படாது என்பது என் கருத்து. அதே மலைகளில் இம்ப்ரோஸ் பள்ளத்தாக்கு இருக்கிறது, பாதி தூரம்தான், கீழே இறங்கினால் சாலை. 1941இல் வீரர்கள் பின்வாங்கிய வழியும் அதுவேதான். மே மாதம் அதற்கு மிகப் பொருத்தமான மாதம், ஜூலையில் அந்தப் பாறைகள் அனலாய்க் கொதிக்கும்.

வெயிலை வெப்பநிலையை வைத்து எடைபோடாதீர்கள். 23 டிகிரி, மேலே குளிர்ந்த காற்று, சுடுவதாகவே தெரியாது; ஆனால் மே மாதத்தில் புற ஊதாக் குறியீடு 8, 9 வரை போகிறது. நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறவர்கள் சாயங்காலம் மூக்கும் காதோரமும் எரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பகலும் நீளம், மாத ஆரம்பத்தில் ஆறரைக்கு விடிந்து எட்டு மணி தாண்டி இருட்டும், கடைசியில் எட்டரைக்குத்தான் சூரியன் மறையும். பையன் ஒன்பது மணி வரை தூங்க மாட்டான். ஊரே பத்து மணிக்கு மேல்தான் சாப்பிட உட்காரும் என்பதால் அது பெரிய குறையாகவும் தெரியாது.

வீட்டுக்குள் வேறு கதை. பழைய கல்வீடுகள் குளிர்காலக் குளிரை மே நடுப்பகுதி வரை சுவருக்குள் பிடித்து வைத்திருக்கும், வெளியே 24 இருக்கும்போது உள்ளே காலில் சாக்ஸ் கேட்கும். ஹீட்டரை எல்லாரும் ஏப்ரலிலேயே அணைத்திருப்பார்கள். முதல் இரண்டு வாரத்துக்குக் கூடுதல் கம்பளி கேட்டு வாங்கி வையுங்கள். வெந்நீர் பெரும்பாலான வீடுகளில் மொட்டைமாடி சோலார் தொட்டியிலிருந்துதான் வரும். மேகமூட்டமான நாளில் மாலைக்குள் ஆறிவிடும், அதற்கென்று மின்சார சுவிட்ச் ஒன்று மின்பெட்டிப் பக்கம் இருக்கும், வீட்டுக்காரரிடம் முதல் நாளே எது என்று கேட்டுக்கொள்ளுங்கள், இருபது நிமிடம் போட்டால் போதும், அணைக்க மறக்கக் கூடாது.

துணிமணி: அரைக்கைச் சட்டைகள் சரி, ஆனால் ஆளுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் காற்றுப் புகாத ஜெர்கினும் கட்டாயம். குடை வேண்டாம், அந்தக் காற்றில் திருப்பிக்கொண்டுவிடும். தொப்பி கழுத்தில் கட்டுகிற மாதிரி இருந்தால் நல்லது. மலைப்பக்கம் போவதானால் மூடிய ஷூ. மே 1 முதல் காட்டுத்தீ அபாயக் காலம் அதிகாரபூர்வமாகத் தொடங்கிவிடும், அக்டோபர் வரை திறந்தவெளியில் தீ மூட்டக் கூடாது, கடற்கரையில் கரியடுப்பு போட்டுச் சுட்டுச் சாப்பிடுகிற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள்.

முன்னறிவிப்புக்குக் கைபேசியில் தானாக வருகிற செயலியை மட்டும் நம்ப வேண்டாம், அவற்றில் பல தீவு முழுவதையும் தட்டையான நிலம் போல எடுத்துக்கொள்கின்றன. ஏதென்ஸ் தேசிய வானாய்வகம் கிரீட் முழுக்கத் தானியங்கி நிலையங்கள் வைத்திருக்கிறது, அவற்றின் நேரலை அளவுகளில் ஹெராக்லியோனையும் இயராபெட்ராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே அன்று எந்தக் காற்று என்று புரிந்துவிடும்: வடக்கே அதிகச் சூடு என்றால் தென்காற்று, தெற்கே அதிகம் என்றால் வடகாற்று. அலைக்கு, கடலாய்வு மையத்தின் போஸைடன் முன்னறிவிப்பு. முதல் நாள் இரவு சாப்பிட்ட பிறகு இந்த இரண்டையும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மறுநாள் எந்தக் கரை என்று முடிவு செய்யுங்கள், ஒரு வாரத்துக்கு முன்பே திட்டம் போட்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

மாதம் முழுக்க இருக்கப்போவதால் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. முதல் பத்து நாள் அரண்மனை இடிபாடுகள், அருங்காட்சியகம், உள்கிராமங்கள். க்னோஸோஸில் நிழல் குறைவு, குளிர்ந்த நாளில்தான் நின்று பார்க்க முடியும். சாலையோரம் மஞ்சள் பூக்கள் இன்னும் மிச்சமிருக்கும், சந்தையில் லோக்காட் பழம் குவிந்திருக்கும். நடுப் பத்து நாள் இம்ப்ரோஸ், லஸ்ஸித்தி, தென்கரை. கடைசிப் பத்து நாளைக் கடலுக்கு ஒதுக்குங்கள். இடையில் தென்காற்று நாள் வந்தால் அப்பாவை வீட்டில் யாராவது ஒருவரோடு விட்டுவிட்டு மற்றவர்கள் வடகரையில் குளித்துவிட்டு வரலாம், பையனுக்கு மட்டும் தண்ணீர் பாட்டில் இரண்டாகக் கொடுத்து அனுப்புங்கள்.